மருதாணிக் கால்

ஒவ்வொரு தலைமுறைக்கும் தன் பிள்ளைகளைக் கெடுக்க ஏதாவது ஒன்று வந்து சேர்ந்துவிடுகிறது. என் தாத்தா காலத்தில் நாடகக் கொட்டகை. என் காலத்தில் சினிமா. என் பிள்ளைகள் காலத்தில் டி.வி. இப்போது செல்போன். கெடுக்க வருவது மாறிக்கொண்டே இருக்கிறது. ஆனால், "ஆமாம், நான் கெட்டுத்தான் போனேன்" என்று ஒப்புக்கொள்ள மட்டும் எந்தத் தலைமுறையிலும் ஆள் கிடைப்பதில்லை. நான் ஒப்புக்கொள்கிறேன். எனக்கு எழுபது தாண்டிவிட்டது. இனிமேல் கெட்டுப்போக என் பெயரில் பெரிதாக ஒன்றும் இல்லை.

போன மாதம் பக்கத்து டவுனில் ஒரு கல்லூரியிலிருந்து என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். தலைப்பு, 'ஊடகங்களும் இளைய தலைமுறையும்'. நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பொன்னாடை என்றால் உடனே தோளைக் கொடுத்துவிடுகிற வயது. இருந்தாலும் ஒரு மரியாதைக்கு, "இதுக்கு நான் எதுக்குங்க?" என்று கேட்டேன். போனில் பேசிய விரிவுரையாளர் கொஞ்சம் சிரித்தார். "இந்தத் தலைப்புக்கு உங்களை விட்டா வேற பொருத்தமான ஆளு கிடையாதுங்க சார்" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். (புத்தி எந்த வயதில் வரும் என்று யாராவது எழுதி வைத்திருந்தால் சொல்லுங்கள்.)

அக்காவுக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னேன். என் அக்கா தனம் என்னைவிட இரண்டு வயது மூத்தவள், ஒரத்தநாட்டில் மகன் வீட்டில் இருக்கிறாள். முழுதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"காலக் காட்டச் சொன்னாங்களாடா?"

அப்புறம் அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்த கோழி பறந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் போனை வைத்துவிட்டேன். ஐம்பது வருஷமாக இதுதான் நடக்கிறது. எங்கள் வீட்டில் யாராவது கொஞ்சம் பெருமை பேசினால் போதும், கைக்குழந்தை தவிர மற்ற எல்லோரும் "முதல்ல காலக் காட்டு" என்பார்கள். கல்யாண வீடு, காதுகுத்து, ஏன், என் பணி நிறைவு விழாவில் மாலை போட்ட கையோடு என் சொந்த மருமகன் இதைச் சொன்னான். அலுத்துவிட்டது. விளக்கம் சொல்லித் தொலைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். ஆட்சி மாறி, கொடி மாறி, ஊருக்கு ஊர் மைக் கட்டி அடுக்குமொழியில் பேசிக்கொண்டிருந்த காலம். எல்லாம் மாறியிருந்தது, நிலத்தைத் தவிர. எங்கள் ஊர் நிலம் பெரும்பாலும் கும்பகோணத்தில் குடியிருந்த ஒரு மிராசுதாருடையது. அவரை நாங்கள் பார்த்ததுகூட இல்லை. அவர் சார்பில் வருவது காரியஸ்தர். அறுவடையன்று குடையும் வெற்றிலைப் பெட்டியுமாகக் களத்துக்கு வந்து, குத்தகை நெல்லை அளந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். எங்கள் அப்பா ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், குத்தகைக்குச் சாகுபடி செய்தார். அவருக்கு முன்னால் அவருடைய அப்பா. எழுத்து, கையெழுத்து எதுவும் கிடையாது. வாய்ச் சொல்தான்.

அப்போதுதான் குத்தகைதாரர்களைச் சர்க்காரே பதிவு செய்யும் என்று சட்டம் வந்தது. பதிவில் பெயர் ஏறிவிட்டால் மிராசுதார் நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது. அதனாலேயே, பெயர் ஏறுவதற்கு முன் குத்தகைக்காரரை வெளியேற்றிவிட வேண்டும் என்று பண்ணைகள் வேகம் காட்டின. சுற்று வட்டாரத்தில் தினமும் ஒரு தகராறு. வயலில் அரிவாளோடு ஆள் இறங்குவதும், பின்னாலேயே போலீஸ் ஜீப் வருவதும் பழகிப்போயிருந்தது.

எங்கள் கேஸில் ஒரு சிக்கல். அந்த வருஷம் ஆனி மாதத்தில் அப்பா வண்டியிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு பிசகிப் படுத்துவிட்டார். காரியஸ்தர் அதைப் பிடித்துக்கொண்டார். "குத்தகைக்காரரு படுத்த படுக்கை. இந்த வருஷம் உழுதது எங்க பண்ணை ஆளுங்க. நெலம் எங்க சொந்தச் சாகுபடியில இருக்கு" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சட்டப்படி குத்தகைக்காரரோ அவர் குடும்பத்தில் ஒருவரோ உடம்பால் உழைத்திருக்க வேண்டும். அம்மா நாங்கள் சிறுபிள்ளைகளாக இருக்கும்போதே போய்விட்டாள். வீட்டில் மிச்சம் இரண்டே பேர். அக்கா, அப்புறம் நான். நாங்கள் உழைத்தோம் என்று காட்டினால் நிலம் எங்களுடையது. இல்லையென்றால் தை அறுவடையோடு சரி.

இருபது வயதில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று இங்கே சொல்லியாக வேண்டும். சினிமா பார்த்துக்கொண்டிருந்தேன்.

பி.யு.சி.யில் தோற்றுவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். எங்கள் ஊருக்கு இரண்டு மைல் தள்ளி ஒரு கீற்றுக்கொட்டகை டாக்கீஸ் இருந்தது. அங்கே டிக்கெட் கிழிக்கிற மாணிக்கம் என் உயிர்த்தோழன். அதனால் எனக்கு டிக்கெட் இல்லை. ஒரே படத்தை, கொட்டகையில் அது ஓடுகிற வரைக்கும் தினமும் பார்ப்பேன். மணலைக் குவித்து அதன் மேல் உட்கார்ந்து, வாயசைத்துக்கொண்டே பார்ப்பேன். பகலில் கதை வசனப் புத்தகத்தை மனப்பாடம் செய்வேன். ஞாயிற்றுக்கிழமை டீக்கடை ரேடியோவில் ஒலிச்சித்திரம் வைத்தால், ரேடியோவுக்கு அரை வார்த்தை முந்திக்கொண்டு நான் சொல்லிவிடுவேன். டீக்கடைக்காரர் ஒருநாள், "தம்பி, ஒண்ணு நீ பேசு, இல்ல அது பேசட்டும்" என்று ரேடியோவை அணைத்துவிட்டார். நான் பேசினேன்.

பேச்சு, நடை, தலைமுடி எல்லாமே கொட்டகையிலிருந்து வந்தவை. சாப்பாட்டில் உப்பு குறைந்தால்கூட, "உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்னார்கள், உப்பே இடாதவரை எவ்வளவு நினைப்பது?" என்பேன். அக்கா உப்பு ஜாடியை என் முன்னால் நகர்த்துவாள்.

நான் இப்படி இருந்ததால், அந்தச் சம்பாவுக்கு யார் உழுதது? பண்ணை ஆட்களும் இல்லை, நானும் இல்லை. அக்காதான்.

பெண்பிள்ளை நடவு நடலாம், களை எடுக்கலாம், அறுக்கலாம், கட்டுச் சுமக்கலாம். ஏர் மட்டும் பிடிக்கக்கூடாது. பிடித்தால் ஊருக்கே ஆகாது என்று பேச்சு. ஆள் வைத்து உழ வழியில்லை. தம்பியோ ஒரே படத்தைப் பதினோராவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அக்கா அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு, அப்பாவின் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஏரைப் பூட்டினாள். எங்கள் வயல் ஊரிலிருந்து தள்ளி இருந்ததால், தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு ஏதோ ஆண் உழுகிற மாதிரிதான் தெரியும்.

அந்த ஆண் நான்தான் என்று ஊர் முடிவு செய்தது. "பரவால்லையே, அப்பன் விழுந்ததும் பையன் பொறுப்பாயிட்டானே" என்று டீக்கடையில் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. தலையைக் கொஞ்சம் குனிந்து, உழைத்துக் களைத்தவன் மாதிரி டீயை ஊதிக் குடித்தேன். (அந்த நடிப்பைப் பார்த்திருந்தால் கோடம்பாக்கத்திலிருந்தே கார் அனுப்பியிருப்பார்கள்.)

கார்த்திகையில் விசாரணைக்கு நாள் குறித்தார்கள். தாசில்தார் வயலுக்கே வந்து பார்ப்பார் என்றார்கள். அப்பா என்னைக் கட்டில் பக்கத்தில் கூப்பிட்டார்.

"டேய் கலியா, அவரு ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாரு. உழுதது யாருன்னு. நீ 'உழுதது நான்தாங்க'ன்னு சொல்லு. போதும். வேற ஒண்ணும் பேசாத."

"அக்கா உழுததைச் சொல்லிட்டா என்னப்பா?"

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். அக்காவைத் திருத்துறைப்பூண்டியிலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பையன் பள்ளிக்கூடத்து வாத்தியார். பிடித்திருக்கிறது என்று சொல்லியனுப்பி, தை பிறந்ததும் பேசி முடிப்பதாக இருந்தது. அந்த நேரத்தில் 'ஏர் பிடித்த பொண்ணு' என்று தாசில்தார் முன்னால் ஊர் அறியச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியும். அதனால்தான் அந்த இரண்டு சொல்லை நான் சொல்ல வேண்டியிருந்தது. நிலமும் அக்கா கல்யாணமும் அந்த இரண்டு சொல்லில் இருந்தன.

இரண்டு சொல்லா? கோர்ட் சீன் எத்தனை பார்த்திருக்கிறேன்! மாணிக்கமும் நானும் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து வசனம் எழுதினோம். தாசில்தார் கண் கலங்குகிற இடம், காரியஸ்தர் தலை குனிகிற இடம், கூட்டம் கை தட்டுகிற இடம் எல்லாவற்றையும் கணக்குப் பண்ணி எழுதினோம். மாணிக்கம் தன்னுடைய கறுப்பு ஷூவை எனக்குக் கொடுத்தான். "இதைப் போட்டுக்கிட்டு வரப்பு மேல நடந்து வா. சும்மா டக்கு டக்குன்னு சத்தம் வரணும்" என்றான். சேற்று வரப்பில் எந்த ஷூவும் சத்தம் போடாது என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் அக்கா களையெடுப்பு முடிந்து வந்தாள். வரும்போதே மருதாணி இலை பறித்து வந்து அரைத்தாள். ஒரு கிண்ணத்தில் வழித்து என் பக்கத்தில் வைத்தாள்.

"பக்கத்து ஊர்ல அந்த ஆபீசரு ஒவ்வொருத்தர் காலையும் பாத்தாராம்டா. சேத்துல எறங்குனவனா இல்லையான்னு. ஒன் காலு பச்சப்புள்ள காலு மாதிரி இருக்கு. இதக் கால்ல வச்சுக்க. நாளைக்குக் கேட்டா காட்டு."

"நான் பார்த்துக்கறேன்" என்றேன். அவள் அசதியில் சுவரோரம் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள்.

எங்கள் பக்கத்தில் வயலில் இறங்குகிற யாரிடமாவது 'கால்ல மருதாணி வச்சுக்க' என்று சொன்னால், எங்கே என்று கேட்க மாட்டார்கள். சேற்றிலேயே நின்றால் கால் விரல் இடுக்கெல்லாம் வெந்து, வெடித்து, புண்ணாகிவிடும். அதற்கு மருந்து மருதாணி. விரல் இடுக்கில் வைத்து அப்புவார்கள். இது எங்கள் ஊரில் மாட்டுக்குக்கூடத் தெரியும்.

எனக்குத் தெரியாது. அக்காவின் காலில் வருஷம் பூராவும் அந்தக் கருஞ்சிவப்பு இருக்கும். அவளும் சினிமா பார்த்து ஆசைப்பட்டு வைத்துக்கொள்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன். அக்கா வாழ்க்கையில் அதுவரை பார்த்த படம் இரண்டு.

மருதாணி வைத்த கால் என்றால் எனக்குத் தெரிந்தது திரையில் பார்த்த கால். நாட்டியம் தொடங்கும்போது திரை முழுக்கக் காட்டுவார்களே, சலங்கையோடு ஒரு ஜோடிக் கால், அந்தக் கால். எனக்குப் படம் வரைய வேறு வரும். தீக்குச்சியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாதத்தைச் சுற்றி ஓரமாக ஒரு கோடு. பத்து விரல் நுனிக்கும் தொப்பி. பாதத்தின் நடுவில் வட்டமாக ஒரு நிலா, அதைச் சுற்றிப் புள்ளிகள். பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டு படுத்தேன். காலையில் அலம்பினால், அப்படிச் சிவந்திருந்தது! பித்த உடம்புக்கு அப்படித்தான் சிவக்கும் என்பார்கள். எனக்கே என் காலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் போலிருந்தது. யாரும் முன்கூட்டியே பார்த்துவிடக்கூடாது என்று அதன்மேல் சாக்ஸ் மாட்டி, ஷூவைப் போட்டுக் கட்டினேன். கடைசிக் காட்சியில் கழற்றிக் காட்டுவதாகத் திட்டம்.

ஜீப் ரோட்டிலேயே நின்றுவிட்டது. தாசில்தார் ஐம்பது வயதுக்காரர். கையில் குடை, முகத்தில் ஒரு வாரத் தூக்கமின்மை. வரப்பு வழியாக வழுக்கி வழுக்கி வந்து சேர்ந்தார். பின்னால் காரியஸ்தர். வயல் ஓரத்துப் பூவரச மரத்தடியில் அப்பாவைக் கட்டிலோடு தூக்கி வந்து போட்டிருந்தோம். பக்கத்தில் அக்கா. ஊரே சுற்றி நின்றது. நான் பெல்பாட்டமும் ஷூவுமாக நின்ற கோலத்தைப் பார்த்து தாசில்தார், "இவரு யாரு, பண்ணை வீட்டுப் பையனா?" என்று கேட்டார். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஊர்க்காரர்கள், துண்டு கட்டிய ஓர் ஆள் உழுததைத் தூரத்திலிருந்து பார்த்தோம், இந்தப் பையனாகத்தான் இருக்கும் என்றார்கள். "அது எங்க ஆளுங்க" என்றார் காரியஸ்தர். தாசில்தார் என் பக்கம் திரும்பினார்.

"சொல்லு தம்பி. உழுதது யாரு?"

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு சொல். நான் ஒரு காலை முன்னால் வைத்தேன். தொண்டையைச் செருமினேன்.

"ஏடெடுத்து வந்தீர்கள்! எழுதுகோல் எடுத்து வந்தீர்கள்! ஏழை வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று எட்டிப் பார்த்தீர்களா?"

தாசில்தார் என்னைக் களைப்போடு பார்த்தார். "தம்பி, நானே காலையிலேர்ந்து இன்னும் சாப்பிடல. உழுதது யாரு, அத சொல்லு."

காரியஸ்தர் தலை குனியவில்லை. வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். நான் குரலை உயர்த்தினேன்.

"இந்தக் கழனியில் பாய்வது தண்ணீர் என்றா நினைத்தீர்கள்? இல்லை! எங்கள் கண்ணீர்! எங்கள் செந்நீர்!"

"அதுக்கு முன்னாடி தண்ணி எந்த வாய்க்கால்ல வருது?"

இது வசனத்தில் இல்லை. நான் கொஞ்ச நேரம் யோசித்தேன்.

"காவிரி" என்றேன்.

"காவிரி ஜில்லா பூராவும்தான் பாயுது. இந்த வயலுக்கு எந்த வாய்க்கால் தம்பி?"

அந்த வாய்க்கால் எனக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் சலசலத்துக்கொண்டிருந்தது. அதில் நான் குளித்திருக்கிறேன். அதற்குப் பெயர் இருக்கும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அப்பாவைப் பார்த்தேன். அவர் பூவரச இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். காரியஸ்தர் பாக்கை வாயில் போட்டுக்கொண்டே, "இந்தப் பையன் வயல்ல எறங்கி நான் பாத்ததே இல்லைங்க" என்றார். மனுஷன் அன்றைக்குச் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

பயந்துவிட்டேன். பயத்தில், நடுவில் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டுக் கடைசிக் காட்சிக்குத் தாவினேன்.

"வாயைக் கேட்காதீர்கள் ஐயா! இதோ, சேற்றிலே பழுத்த என் கால்களைக் கேளுங்கள்! அவை சாட்சி சொல்லும்!"

சினிமாவில் இப்படிச் சொன்னதும் அடுத்த நொடியே கால் தெரிந்துவிடும். எனக்கோ ஷூ கயிறு நனைந்து இறுகி முடிச்சு விழுந்திருந்தது. ஒற்றைக் காலில் நின்று இழுத்தேன். வரப்பு வழுக்கியது. விழாமலிருக்க அருகிலிருந்த தோளைப் பிடித்துக்கொண்டேன். அது காரியஸ்தரின் தோள். அவரும் பாவம், "மெதுவா, மெதுவா" என்று தாங்கிக்கொண்டார். எதிராளியின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டியடித்த கதாநாயகன் தமிழ்நாட்டிலேயே நான் ஒருவன்தான். ஒருவழியாக ஷூ வந்தது. சாக்ஸை உரித்தேன். காலைத் தூக்கித் தாசில்தார் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

தாசில்தார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நிலாவைப் பார்த்தார், புள்ளிகளைப் பார்த்தார், விரல் தொப்பிகளைப் பார்த்தார். அந்த மனிதர் அந்த மாதம் பூராவும் நூற்றுக்கணக்கான கால்களைப் பார்த்திருப்பார். இப்படி ஒன்றைப் பார்த்திருக்க மாட்டார்.

"தம்பிக்குக் கல்யாணம் எப்ப?" என்று கேட்டார்.

"நாத்து நட்ட காலா இது? நாட்டியம் ஆடுன காலுங்க" என்றார் காரியஸ்தர். சொல்லிவிட்டு அவராலேயே அடக்க முடியவில்லை. வெற்றிலைச் சாறு சட்டையில் வழியச் சிரித்தார். ஊர் சிரித்தது. எங்களுக்காகச் சாட்சி சொல்ல வந்தவர்களும் சிரித்தார்கள். கூட்டம் கை தட்டுகிற இடம் என்று நாங்கள் எழுதி வைத்திருந்த இடமும் அதுதான். தட்டத்தான் தட்டினார்கள்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். நிலம் போய்விட்டது என்று அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. படம் முடிந்து விளக்கைப் போட்டால் எல்லோரும் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். இங்கே விளக்கைப் போட்டும் யாரும் போகவில்லை. நான் ஒரு காலில் ஷூவோடும் ஒரு காலில் நிலாவோடும் நின்றுகொண்டிருந்தேன்.

தாசில்தார் குடையை மடக்கிக்கொண்டு, "சரி, பாத்தாச்சு" என்று திரும்பினார். அப்போது அக்கா மரத்தடியிலிருந்து வந்தாள். வேகமாகக்கூட வரவில்லை. தண்ணீர்க் குடத்தை இறக்கி வைக்க வருகிற மாதிரி வந்தாள்.

"ஐயா, செத்த நில்லுங்க. உழுதது நான்தாங்க."

அப்பா, "தனம்" என்றார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

அக்கா புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்து, வரப்பு மேல் காலை வைத்து, விரல்களை விரித்துக் காட்டினாள். நான் அன்றைக்குத்தான் அந்தக் காலை முதல் முதலாக உற்றுப் பார்த்தேன். இடுக்கெல்லாம் வெளுத்து வெடித்திருந்தது. வெடிப்புக்குள்ளே மருதாணி கறுத்துக் கிடந்தது. அழகுக்கு அங்கே ஒரு பொட்டு இடம் இல்லை.

"அப்பா சட்டையைப் போட்டுக்கிட்டு உழுதேங்க. இவங்க பாத்த ஆளு நான்தான்" என்றாள்.

காரியஸ்தரின் சிரிப்பு நின்றது. "பொம்பள ஏர் புடிச்சான்னு எழுதுவீங்களா சார்? எங்கயாச்சும் உண்டா?"

தாசில்தார் அக்காவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "சட்டத்துல குடும்பத்துல ஒருத்தர்னுதான்யா போட்டிருக்கு. ஆம்பளைன்னு போடல" என்றார். அங்கேயே குனிந்து நின்று எழுதினார். போகும்போது என்னிடம், "சாக்ஸ போட்டுக்க தம்பி, சளி புடிச்சுக்கும்" என்றார்.

குத்தகைப் பதிவில் அப்பா பெயர் ஏறியது. ஒன்பது மா நிலைத்தது. அந்த வாரமே திருத்துறைப்பூண்டியிலிருந்து தரகர் வந்தார். காபியைக் குடித்து முடித்துவிட்டு, ஏர் பிடித்த பெண் வேண்டாம் என்று பையனின் பெரியவர்கள் நினைக்கிறார்கள் என்றார். அக்கா அவர் குடித்த டம்ளரை எடுத்துப்போய் அலம்பி வைத்தாள். அழுததை நான் பார்க்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் என்னை வயலில் இறக்கினாள். சாயங்காலம் கரையேறி வந்து உட்கார்ந்தபோது மருதாணிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்து, "விரல விரி" என்றாள். ஒவ்வோர் இடுக்கிலும் அவளே வைத்து அப்பினாள். எரிந்தது. நான் எதுவும் வசனம் பேசவில்லை.

அப்புறம் நான் நாலு வருஷம் உழுதேன். தபாலில் படித்து வாத்தியார் ஆனேன். அக்காவுக்கு மூன்று வருஷம் கழித்து ஒரத்தநாட்டில், மாட்டாஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒருவரோடு கல்யாணம் ஆனது. தங்கமான மனிதர். அவர்தான் 'காலக் காட்டு' என்பதைக் குடும்ப வழக்கமாக ஆக்கியவர். இரண்டு வருஷம் முன்னால் போய்விட்டார், வழக்கத்தை மட்டும் எங்களுக்கு விட்டுவிட்டு.

சரி, கல்லூரிக்கு வருகிறேன். பொன்னாடை போட்டார்கள். திரை இளைஞர்களை எப்படி மயக்குகிறது, கண்ணெதிரே இருப்பதை எப்படி மறைக்கிறது என்று முக்கால் மணி நேரம் பேசினேன். பிள்ளைகள் வழக்கத்துக்கு மாறாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரே உற்சாகம். கேள்வி நேரம் என்றதும் கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. காலக் காட்டுவீங்களா?"

அரங்கம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய அதே சிரிப்பு, ஆட்கள்தான் வேறு. என்னைக் கூப்பிட்ட விரிவுரையாளர் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

என்னிடம் இருப்பது பட்டன் போன். அதனால் ஒன்றும் தெரியாமல் போயிருக்கிறது. நேரே ஒரத்தநாட்டுக்கு பஸ் ஏறினேன். அக்கா உள்ளே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அக்காவின் பேத்தி யாழினி, கல்லூரியில் படிப்பவள், கொஞ்சமும் வெட்கப்படாமல் ஒப்புக்கொண்டாள். அப்பாயியைக் கட்டிலில் உட்காரவைத்து இந்தக் கதையைச் சொல்லச் சொல்லி வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறாள். ஜில்லா பூராவும் பார்த்துவிட்டதாம். "தாத்தா, நீங்க பெரிய ஆளாயிட்டீங்க" என்றாள். திட்ட வாயெடுத்தேன். எதைச் சொல்லித் திட்டுவது? அவள் போனை என் கையில் கொடுத்தாள்.

அக்கா நன்றாகவே நடிக்கிறாள். என் வசனத்தை ஒரு வார்த்தை பிசகாமல் பேசினாள். காரியஸ்தர் தோளைப் பிடித்து நொண்டியதைக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு செய்து காட்டினாள். எனக்கே சிரிப்பு வந்தது. கடைசியில் யாழினியின் குரல் கேட்கிறது. "அந்தத் திருத்துறைப்பூண்டி மாப்பிள்ளை போனதுல வருத்தமா அப்பாயி?"

அக்கா புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருந்தாரு. சட்டைப் பையில ரெண்டு பேனா வச்சிருந்தாரு." கொஞ்ச நேரம் எங்கேயோ பார்த்தாள். அப்புறம் சிரித்துவிட்டாள். "போவுது போ. நெலம் இருக்குல்ல."

ஐம்பது வருஷத்தில் அந்தப் பேனாவைப் பற்றி என்னிடம் அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. வீடியோ முடிந்தது. யாழினியிடம் கேட்டு, மறுபடியும் போட்டுப் பார்த்தேன். அப்புறம் எப்படிப் போடுவது என்று நானே கற்றுக்கொண்டேன். அந்தக் கடைசி இடத்துக்கு மட்டும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். விளக்கு வைத்தாகிவிட்டது. காபி ஆறி ஆடை கட்டியது. உள்ளே அக்கா எழுந்து நடமாடுகிற சத்தம் கேட்டது. நான் தலையைத் தூக்கவில்லை.

"போதும் தாத்தா" என்றாள் யாழினி. "எவ்வளவு நேரமா அந்தப் போனையே பாத்துக்கிட்டு இருப்பீங்க? அப்பாயி எழுந்துட்டாங்க. போய்ப் பேசுங்க."